தெற்கே போன சரளைப் பாதை

எங்கள் வீட்டில் ஓரிடத்தில் நிற்காதவள் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சோறு தின்னும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். "இவளுக்குக் கால்ல சக்கரம்" என்று உம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அண்ணனை நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். கீழக்கரைப் பக்கமிருந்து ரங்கூனுக்கு வந்த குடும்பங்களில் அப்படித்தான் வழக்கம். காக்கா எனக்கு எட்டு வயது மூத்தவர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். இப்படி இருந்த இரண்டு பேரில் போனவர் அவர், திரும்பி வந்தவள் நான் என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் நான் மாற்றிச் சொல்கிறேன் என்றே நினைக்கிறார்கள்.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தை அடக்க அரசு கல்லூரிகளை மூடியபோது காக்கா இன்சீன் பக்கத்தில் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தார். தினமும் வட்ட ரயிலில் போய் வருவார். மறுபடி கல்லூரி திறக்கும்போது வாப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். நகர நடுவே பபேடானில், வீட்டுக்குக் கீழே இருந்த எங்கள் கடையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. "அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துக்கிறேன்" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். தொண்ணூற்றாறின் கடைசியில் கல்லூரிகள் மறுபடி மூடியபோது என் முறை வந்தது. பட்டத்துக்கு ஒரு வருஷம் பாக்கி. நான் மாடியிலிருந்து இறங்கி, மசூதித் தெருவைச் சுற்றி, பூக்கடைகளைத் தாண்டி, மறுபடி மாடி ஏறுவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்குவேன். வந்த வரன்களுக்கு முன்னால் என்னை உட்காரவைப்பது உம்மாவுக்குப் பெரும்பாடு. ஒன்றும் கூடி வரவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

வாப்பா மௌத்தான பிறகு, பூட்டும் கீலும் விற்ற கடையைக் காக்கா பழைய ஜப்பான் சைக்கிள் கடையாக மாற்றினார். ஜப்பானில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களை அள்ளிக் கப்பலில் போட்டு அனுப்புகிறார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கடல்காற்றில் துருவேறி வந்து இறங்கும். மட்கார்டில் ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும்; எங்களுக்குப் படிக்கத் தெரியாது. செயினை மண்ணெண்ணெயில் ஊறவைப்பதும் கோணிய சக்கரத்தைக் கம்பி முறுக்கி நிமிர்த்துவதும் என் வேலை ஆயின. கைக்கு வேலை இருந்தால் என் கால் கொஞ்சம் அடங்கும் என்று காக்கா கண்டுபிடித்திருந்தார்.

ஒரு முறை வந்த சரக்கில் இரண்டு சைக்கிள்கள் தனியாகத் தெரிந்தன. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் இல்லை. தடித்த, பல் வைத்த டயர். முன்னால் கூடையில்லாத சைக்கிளை ரங்கூனில் யார் வாங்குவார்கள்? அவை கடையின் பின்சுவரில் கொக்கியில் தொங்கின.

அவற்றை அடையாளம் கண்டுகொண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண். ஐம்பதை நெருங்கியவர். இங்கே பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்து, எங்களுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர், பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது சரளைக்கல் பாதைக்காகச் செய்தது" என்றார், உடைந்த பர்மியத்தில். "எங்க ஊர்ல மலை. மலைக்குக் கீழே திராட்சை. அதுக்குப் பக்கத்துல வயல் வயலா ஊதாப் பூ, லாவெண்டர். நடுவுல தார் போடாத பாதை. தார் ரோட்டுல காரெல்லாம் போகும். சரளையில நீ மட்டும்தான் போவே."

லாவெண்டரை நான் பவுடர் டப்பாவின் மேல்தான் பார்த்திருந்தேன். ஆனால் 'நீ மட்டும்தான்' என்பது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு மேல் ஒருவர் தோளில் இன்னொருவர் இடிக்காமல் நடக்க முடியாது.

அவர் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டார். மற்றதை நான் இறக்கினேன். நகரத்துப் பெரிய சாலைகளில் சைக்கிள் ஓட்டத் தடை இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறை வரை தள்ளிக்கொண்டே போய், படகில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இறக்குவோம். அங்கே ஓலைக்குடிசைகளைத் தாண்டி வயல்வரப்பு ஓரமாகச் செம்மண்ணும் சரளையும் கொட்டிய பாதைகள் போகும். சல்வாரின் கால்களை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்வேன். முக்காடு பின்னால் படபடக்கும். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர்கள் சிரிப்பார்கள். "அமா, யாரு உங்களைத் துரத்துறது?" என்று ஒருவர் கேட்டார். அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் துரத்தவில்லை. ஆனால் திரும்பி வரும் படகில் ஏறும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

அந்தப் பெண்ணுக்கு விசாவை நீட்டிக்கவில்லை. போவதற்கு முன் சைக்கிளைக் கடைக்கே கொண்டுவந்து நிறுத்தினார். "உங்க நாட்டுலயும் இருக்கு. ஷான் மலையில, இன்லே ஏரிக்குப் பக்கத்துல திராட்சைத் தோட்டம் போட்டிருக்காங்க. போற வழியெல்லாம் சரளைதான். இதை மறுபடி தொங்கவிடாதே" என்றார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஷான் மலையில் கலோ ஊரிலிருந்து இன்லே ஏரி வரை என்று பேச்சை எடுப்பேன். உம்மா காதைப் பொத்திக்கொள்வார். கடைசியில் ஒருநாள் வெறுத்துப்போய், "காக்கா கூட வந்தா போ, இல்லாட்டி அந்தப் பேச்சே வேணாம்" என்றார். காக்கா வரமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது. நாற்பது வயது, லேசான தொப்பை, இரண்டு பெண்பிள்ளைகள், வாயில் எப்போதும் வெற்றிலை.

காக்கா கூடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த டயரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி" என்றார்.

சமையலறையிலிருந்து மைனி, காக்காவின் மனைவி, எட்டிப் பார்த்தார். "என்ன சரி?"

"போறேன்னேன்."

மைனி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பொரித்த கருவாடும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்தார்.

பஸ் கூரையில் சைக்கிள்களைக் கட்டி, தை மாதக் குளிரில் கலோவில் போய் இறங்கினோம். அங்கிருந்து கிழக்கே மாட்டுவண்டித் தடங்களும் போட்டு முடிக்காத பாதைகளும்தான். செம்மண் மேடு ஏறி இறங்கும். சரளையில் சக்கரம் போகும்போது பல்லெல்லாம் அதிரும். பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் நம் பேச்சைக் கேட்காமல் ஒருபக்கம் போகும். நான் விழுந்தேன், இரண்டு முறை. காக்கா விழவில்லை. முதல் மேட்டில் இறங்கித் தள்ளினார், இரண்டாவது மேட்டில் பாதியில் இறங்கினார், மூன்றாவதில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அறுவடை முடிந்து கிடந்த நிலங்களில் ஒரு களைச்செடி ஊதாவாகப் பூத்துப் பரந்திருந்தது. அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண் சொன்ன வயல் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கொத்தைப் பறித்து மோந்து பார்த்தேன். வெறும் பச்சிலை வாடை. காக்கா நிற்கவில்லை. அவர் முதுகைப் பிடிக்க நான் விரட்டிப் போக வேண்டியிருந்தது.

ராத்திரிக்கு பவோ மலைமக்களின் ஒரு கிராமத்தில் தங்கினோம். வீட்டுக்காரர்கள் கொடுத்த சோற்றோடு மைனியின் கருவாட்டைச் சாப்பிட்டோம். அப்போதுதான் கவனித்தேன், அன்று முழுவதும் அவர் வெற்றிலை போடவில்லை.

இரண்டாம் நாள், பாதை போடுகிறவர்களைக் கண்டோம். பெரும்பாலும் பெண்கள். கன்னத்தில் தானகா மரப்பட்டைச் சாந்து அப்பி, தொப்பியின் மேல் துண்டைச் சுற்றி, ஓரத்தில் உட்கார்ந்து சுத்தியலால் கல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த சரளை வழியெங்கும் சின்னச் சின்னக் குவியலாக இருந்தது. நாங்கள் ஓட்டி வந்ததெல்லாம் அவர்கள் உடைத்தது. எனக்கு ஒருமாதிரி இருந்தது, இறங்கித் தள்ளினேன். காக்கா ஒரு நடுத்தர வயதுப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வேலையாப் போறீங்களா அகோ?" என்று அந்தப் பெண் கேட்டார். அகோ என்றால் அண்ணன்.

"வேலை இல்லை. சும்மாதான்."

"சும்மாவா?" அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இந்த ரோடு எது வரைக்கும் போகுது?" என்று கேட்டார்.

"எங்களுக்கு எப்படித் தெரியும்? பின்னாடி போட்டதுதான் தெரியும். முன்னாடி இன்னும் போடலையே."

அவர் காலிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, சரளை முடிந்து வெறும் மண்ணாகப் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போகலாம் என்று நான் கூப்பிட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் ஏரிக்குக் கிழக்கே மலைச்சரிவில் இருந்த திராட்சைத் தோட்டத்துக்கு ஏறினோம். நான் வருஷக்கணக்காகக் கனவு கண்ட இடம். நேர்நேராக நட்ட கழிகள், கம்பிகள், கம்பிகளில் கொடிகள். காவல்காரர் எங்களை உள்ளே விட்டு, மது வேண்டுமா என்று கேட்டார். நாங்கள் முஸ்லிம்கள் என்றதும், ஒரு கொத்துப் பழம் பறித்துக் கொடுத்தார். பழுக்க இன்னும் நாள் இருந்தது. வாயில் வைத்ததும் தாடை கூசியது. வாசல் படியில் உட்கார்ந்து கீழே ஏரியைப் பார்த்தோம். இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததற்கு எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். தோன்றியதெல்லாம், அடுத்து எங்கே என்பதுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா சொன்னார். "நீ பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போ. கடையைத் திறந்து வை. நான் இன்னும் கொஞ்சம் போய்ட்டு வர்றேன்."

"எங்கே?"

ஏரியின் கரையோரமாகத் தெற்கே சிவப்புக் கோடாகப் போன பாதையைக் காட்டினார்.

"அங்கே என்ன இருக்கு?"

"தெரியலை. அதான்."

"நானும் வர்றேன்."

"ரெண்டு பேரும் போனா உம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீங்களே சொல்லுங்களேன். நான் போறேன் காக்கா. போகணும்னு கேட்டது நான்."

"ஆமா" என்றார். "நீ கேட்டே. உன் வாயில கேட்க வருது. எனக்கு வரலை. எண்பத்தெட்டுல இருந்து வரலை. இப்பக் கேட்கிறேன். இந்த ஒரு தரம் என்னை விடு."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பஞ்சர் ஒட்டும் பெட்டியையும் காற்றடிக்கும் பம்பையும் அவரிடம் கொடுத்தேன். கருவாடு மிச்சமிருந்ததையும் கொடுத்தேன். சரிவில் இறங்கும்போது அவர் பிரேக்கே பிடிக்கவில்லை. கீழே போய்ச் சேரும்வரை புழுதி மட்டும் தெரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் பயணத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அதே சமயம் அவர் அவ்வளவு வேகமாகப் போவதைப் பார்க்கவும் பிடித்திருந்தது.

வீட்டில் நான் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. உம்மா என்னைத் திட்டினார். நான்தான் காக்காவின் மனசைக் கெடுத்துவிட்டேன் என்றார். காக்காவின் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேசுவது பர்மியம்தான். அவர்கள் மாறி மாறி என்னிடம், அப்பா தொலைந்துபோய்விட்டாரா என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் கழித்து, தெருமுனையில் மேசைபோட்டு டெலிபோன் வைத்திருக்கிறவர் ஓடிவந்தார். மைனி போய்ப் பேசினார். ஏதோ ஒரு மலை ஊரிலிருந்து காக்கா. சத்தம் சரியாகக் கேட்கவில்லையாம். நலமாக இருப்பதாகச் சொன்னார், இன்னும் கொஞ்சம் என்று சொன்னார், லைன் அறுந்துவிட்டது.

மைனி அழுவார் என்று நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மைனி மௌல்மேனிலிருந்து பதினெட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அதற்குப் பிறகு பிரசவத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போனதைத் தவிர, அந்த மாடிப்படியை விட்டு எங்கும் போனதில்லை. அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். சாதாரணமாக வரமாட்டார். சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல ஏறி உட்கார்ந்தா என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

"ஏறிப் பார்த்தாத்தான் தெரியும் மைனி."

"அப்பக் கத்துக்கொடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் தயாராக நின்றார். கிழமை செவ்வாய். கடையைப் பூட்டிவிட்டு, கூடைவைத்த ஒரு தாழ்வான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படகேறினோம். டாலாவில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பக்கத்தில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் விழுந்தார். எழுந்தார். கீழே கிடக்கும்போது ஒரு முறை, "அந்த மனுசன் வரட்டும், பேசிக்கிறேன்" என்று பல்லைக் கடித்துச் சொன்னார். அது தவிர அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் நாங்கள் பல நாள் போனோம். கடை பாதிநாள் பூட்டியே கிடந்தது. உம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

மைனி பிடிமானம் இல்லாமல் ஓட்டத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. நான் சீட்டை விட்டுவிட்டது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சரளைப் பாதையில் ஏறி, வாழைத் தோப்பைத் தாண்டி, வளைவில் மறைந்துவிட்டார். அவருக்குத் திரும்பி வரத் தெரியாதே! நான் கத்திக்கொண்டே ஓடினேன். வெகுதூரம் தள்ளி, ஒரு குடிசை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைமுட்டியில் ரத்தத்தோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தத் தெரியலை. அதான் விழுந்து நிறுத்தினேன்" என்றார்.

அன்று புழுதியும் சேறுமாகப் படகில் திரும்பி, தெருவுக்குள் நுழைந்தபோது, பூட்டிய கடைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுத்து, மெலிந்து, தாடி வளர்ந்து. சைக்கிளை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டேன். பின்டயரில் பல்லெல்லாம் தேய்ந்து, சாக்குத் துண்டை உள்ளே வைத்துக் கட்டியிருந்தது.

காக்கா மைனியைப் பார்த்தார். கைமுட்டிக் காயத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"கடை ஏன் பூட்டிக் கிடக்கு?"

"நீங்க ஏன் வந்தீங்க?" என்றார் மைனி.

"டயர் போயிருச்சு. இந்த அளவு அங்க எங்கயும் கிடைக்கலை."

"டயர் கிடைச்சிருந்தா?"

காக்கா குனிந்து டயரைத் தடவினார். பொய் சொல்லாதது நல்லது என்று நினைத்திருக்கலாம். மைனி அவரை அங்கேயே விட்டுவிட்டு மாடியேறினார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். காக்கா சொல்லத் தொடங்கினார். ஏரி முடிந்த இடம், அதற்கப்பால் சுண்ணாம்புப் பாறைகள், பாதை தீர்ந்துபோய் ஓடையில் சைக்கிளைத் தோளில் சுமந்தது, ஒரு மடத்தில் காய்ச்சலில் கிடந்தது, பேச்சு புரியாத ஒரு கிராமத்தில் நாலு நாள் எல்லோருடைய சைக்கிளையும் பழுதுபார்த்துக் கொடுத்துச் சாப்பிட்டது. அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. நடுவில் ஒரு முறை மைனி, "காய்ச்சல்னு போன்ல சொல்லலையே" என்றார். "சொன்னா வான்னு சொல்லியிருப்பே" என்றார் காக்கா. மைனி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் ணங்கென்று வைத்தார். அதோடு அந்தச் சண்டை ஏறக்குறைய முடிந்தது.

எனக்குத்தான் அடங்கவில்லை. கேட்டது நான், பார்த்தது அவர் என்ற குமைச்சல். அடுத்த குளிர்காலத்தில் தனியாகக் கிளம்பினேன். காக்கா இரண்டு டயர் கூடுதலாகக் கட்டிவிட்டார். சுண்ணாம்புப் பாறைகள் வரை போனேன். அந்த ஓடையில் தண்ணீர் அதிகமாக இருந்தது, தாண்ட முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் மைனியும் நானும் போனோம். மைனி மேடுகளில் என்னைவிடப் பொறுமையாக ஏறினார், இறக்கங்களில் கண்ணை மூடிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். கடையில் இருந்த காக்கா தினமும் தெருமுனை டெலிபோனுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாராம்.

இரண்டாயிரத்துப் பத்தில் கலோவில் ஒரு தகரக் கூரை அறையை வாடகைக்கு எடுத்து, ஏழெட்டு சைக்கிள்களை வைத்து, வெளியூர்க்காரர்களுக்கு மலைப்பாதை காட்டத் தொடங்கினேன். வருஷத்தில் பாதி அங்கே, பாதி ரங்கூனில். அங்கே இருந்தால் தெருவின் சத்தம் வேண்டும் போல இருக்கிறது. இங்கே வந்தால் மூன்றாம் நாளே மூச்சு முட்டுகிறது. இது சரியாகிவிடும் என்று ரொம்ப காலம் காத்திருந்தேன். இப்போது காத்திருப்பதில்லை.

உம்மா மட்டும் எதிலும் ஏறவில்லை, எங்கும் வரவில்லை. ஆனால் யார் எப்போது திரும்புவார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டார். மழை முடிந்து, கடையில் தடித்த டயர்களுக்கு நாங்கள் காற்றடிக்கும் சத்தம் கேட்டால், மாடியிலிருந்து குரல் கொடுப்பார்.

"இந்த மாசம் எத்தனை பேருக்கு உலை வைக்கணும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."